உலக முடிவில் முப்பத்தைந்து நிமிடங்கள்

அதிகாலை 4.40: நுவரெலியாவில் மகள் வீட்டிலிருந்து வேனில் புறப்பட்டோம். ஹோட்டன் சமவெளிக்கு முப்பத்திரண்டு கிலோமீற்றர்; போய்வர வாடகை ஒன்பதாயிரம் ரூபாய்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றாலே அந்தச் சமவெளியின் காடு தெரியும். என் மனைவி செல்லம்மா முப்பது வருடமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தவள், உள்ளே போனதில்லை. காட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. உலக முடிவு என்னும் மலைவிளிம்பில் நின்றால் தெரியும். ஆனால் பத்து மணிக்குள் பனி மூடிவிடும் என்பார்கள். அவளுக்குக் கிடைத்த லீவு ஒரே நாள்.

6.15: சமவெளியின் நுழைவாசலில் பைகளைச் சோதித்தார்கள். "அம்மா, பொலித்தீன் உள்ளே கொண்டுபோக ஏலாது" என்றார் காவலர். செல்லம்மா ரொட்டிகளைத் தலைத்துண்டில் முடிந்து பையில் போட்டாள். பையின் வாரைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டாள்.

"தோள்ல போட வேண்டியதுதானே?" என்றேன்.

"கூடை மாதிரி தொங்கினாத்தாங்க எனக்கு நடையே வரும்."

நடை வந்தது. நான்தான் பின்தங்கினேன். புல்வெளியில் ஒரு மரைமான் தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. பிறகு காடு. முறுக்கிக்கொண்ட அடிமரங்களில் விரல் புதையும் அளவு பாசி. கிளைக்குக் கிளை நீர் சொட்டியது.

"இத்தன வருஷமா ஒருத்தனும் கவாத்து வெட்டலையே!" என்று மரங்களைத் தடவிப் பார்த்தாள்.

8.50: உலக முடிவு. எதிரே வெள்ளை மட்டும். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போனது.

"காத்து கீழேருந்து ஏறுது. பனியக் கெளப்பிரும்" என்றாள். அரைமணி நேரம் பார்ப்போம் என்றேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும் தீர்ந்தன. 9.20க்கு எழுந்தேன்.

"ஒக்காருங்க! கொழுந்து நிறுக்க ஒங்க தராசுக்கு முன்னால நான் எத்தன மணிநேரம் நின்னிருக்கேன்? எனக்காக அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

தோட்டத்தில் எடை எழுதுபவன் நான். உட்கார்ந்தேன்.

9.25: பனி அடியிலிருந்து கிழிந்தது. எண்ணூறு மீற்றருக்கும் கீழே, வெயிலில், பச்சைப் பச்சையாகத் தேயிலை மலைகள்; கோடு போட்டதுபோல லயங்கள்.

"அடி ஆத்தி, இங்கயும் கொழுந்தா!" செல்லம்மா சிரித்த சிரிப்பில் பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். இடுப்பில் கைவைத்து, மலையில் வேலை வாங்கும் எங்கள் கண்டாக்கு ஐயாவின் குரலிலேயே அதட்டினாள்: "ஏய்! அந்த மூணாவது நெரைய விட்டுட்டீங்க, திரும்பப் போங்க!"

பத்து நிமிடத்தில் மறுபடி மூடியது. போதும் என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், காட்டுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நம்ம ஆளுங்கதான். கொழுந்து எடுக்கிறாங்க" என்றாள் கூடையை மாட்டிக்கொண்டே. "நான் மேலேருந்து பார்த்தேன்."