தட்டைத் திருப்பி வைத்த நாள்

1. காலிக் குழி

"அண்ணா, முதல் குழில இலை போட மறந்துட்டீங்க போல, காலியா இருந்துச்சு. பரவாயில்ல, எல்லாத்தையும் ஒண்ணு தள்ளி எண்ணிட்டேன்" என்று லேப் மேடம் போனில் சொன்னார். முதல் குழியில் நான் இலை போட்டிருந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி, செங்கல் சூளை, புதுவாயலில் பரோட்டா கடை, கும்மிடிப்பூண்டி இரும்பு மில் என்று சுற்றினேன். மில்லில் கை வெந்த பிறகுதான் ஊத்துக்கோட்டைப் பக்கம் இந்த விதைக் கம்பெனியின் வெண்டைப் பண்ணைக்கு வந்தேன். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இங்கே அப்போது பதினோராவது மாதம்.

பண்ணையில் தொண்ணூற்றைந்து ரகம் நின்றது. எதை எதோடு சேர்த்தால் வீரியமான ஹைபிரிட் கிடைக்கும் என்று எல்லா ஜோடியையும் கட்டிப் பார்க்க ஆயுசு போதாது. அதனால் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, மார்க்கர் என்கிற அடையாளங்களைப் படித்து, பழைய ஹைபிரிட்களின் மகசூலோடு ஒப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லும். தொண்ணூற்றாறு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில், வரிசைப்படி குழிக்கு ஒரு ரகமாக இலைத் துண்டு போடுவது என் வேலை. கடைசிக் குழி காலியாக இருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு, ஒரு வெறும் தட்டோடு, இலை போட்ட அன்று உட்கார்ந்த வேப்பமரத்தடிக்குப் போனேன். வெயில் கண்ணில் அடித்ததால் அன்று எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்திருந்தேன். தட்டு மாறவில்லை. அதாவது எனக்குத் தலைகீழாக இருந்தது. என் முதல் குழி அவர்களுக்குக் கடைசி, நான் காலியாக விட்ட கடைசிக் குழி அவர்களுக்கு முதல். மேடத்தின் லிஸ்டில் ஒன்றாம் ரகம் என்று இருந்தது உண்மையில் தொண்ணூற்றைந்து.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் போன் வந்த அன்றே சாயங்காலம், அந்த லிஸ்டை வைத்து கம்ப்யூட்டர் சொன்ன ஜோடிகளுக்கு மொட்டைப் பிரித்துக் கலப்பு ஆரம்பம். ஒரு சீசனே வீண்.

2. நோஞ்சான் ஜோடி

மேனேஜரிடம் சொன்னேன்.

"இன்னா நைனா, குண்டைத் தூக்கிப் போடுற? லிஸ்ட்ல மொதல்ல வந்த ரெண்டும் எப்பிடி தளதளன்னு நிக்குது பாரு. சும்மா பேஜாரு பண்ணாத."

"தட்ட நான்தான் சார் தலைகீழா வெச்சி இலை போட்டேன். தொண்ணூத்தாறுல கழிச்சிப் பாருங்க, சரியான நம்பர் வரும்."

"மேடம் ஒத்துக்கினா சீசன் தப்பிச்சுது. இல்லாங்காட்டி நாளைக்கு நீ வராத."

மேடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் உட்கார்ந்த விதத்தைச் சொன்னேன். மேடம், "அதான் ஒரே தாய்ச் செடியில வந்த ரெண்டு ரகம் ஒட்டுறவே இல்லாத மாதிரி மார்க்கர்ல வந்துச்சா! ஒரு மணி நேரம் குடுங்க" என்றார்.

புது லிஸ்டில் முதல் ஜோடி பதினாலும் ஐம்பத்தெட்டும். இரண்டும் முழங்கால் உயரம், சோகையான இலை.

மேனேஜர் சிரித்தார். "இந்த நோஞ்சான் ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணா இன்னாய்யா பொறக்கும்?"

"சார், ஒண்ணுகிட்ட இல்லாதது இன்னொண்ணுகிட்ட இருக்கு, மார்க்கர் அப்படித்தான் காட்டுது" என்றார் மேடம்.

அன்றே பதினாலின் மொட்டைப் பிரித்து ஆண் பகுதியைச் சுரண்டிக் காகிதப் பை மாட்டினேன். மறுநாள் காலையில் ஐம்பத்தெட்டின் மகரந்தத்தைத் தடவினேன். தளதள ஜோடியையும் கட்டச் சொல்லி மேனேஜர் அடம்பிடித்தார். கட்டினோம்.

அடுத்த சீசனில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தோம். தளதள ஜோடியின் பிள்ளைகள் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தன. நோஞ்சான் ஜோடியின் பிள்ளைகள் என் தலையைத் தாண்டின. அந்தப் பாத்தியில் கூடை நிறைந்துகொண்டே இருந்தது. கடைசி எடையில் அதுதான் முதலிடம். மேடம் வரப்பிலேயே கை தட்டினார். மேனேஜர் ஒரு காயை ஒடித்துக் கடித்தபடி, "யோவ் ஏழுமல, இன்னொரு தபா தட்டத் திருப்பி வெக்கிறியா?" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கை தவறியது தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மொட்டு நமக்காகக் காத்திருக்காது. நான் சொன்னேன், வேலை போகவில்லை. இலை எடுக்கிற ஆறு பேருக்கும் இப்போது நான்தான் மேஸ்திரி.