பாலத்தின் மேல் பதிந்த குரல்

விடிவதற்கு முன்பே பிரேமலாவின் பேருந்து மலேசியாவின் கெலாங் பாத்தாவிலிருந்து கிளம்பிவிடும். பாலம் கடந்தால் சிங்கப்பூர். அங்கே மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஓவர்டைமும் முடித்து அவள் வீடு திரும்பும்போது மகள் கவிஷா தூங்கியிருப்பாள். கணவன் மூர்த்தி பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். மகளை அவன்தான் பார்த்துக்கொண்டான். தாயும் மகளும் சேர்ந்து விழித்திருக்கும் நாள் ஞாயிறு ஒன்றுதான்.

கவிஷா தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள். அவை சேர்ந்து சொல்லாகும் இடத்தில் நின்றுவிடுவாள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பு ஆசிரியை கஸ்தூரி, பெற்றோர் இருவர் கைப்பேசியிலும் ஒரு கதைச் செயலியைப் போட்டுத் தந்தார். படம் அசையும். ஒரு பெண்குரல் படிக்கும். படிக்கும் சொல் மஞ்சளாக மாறும். பிள்ளை அந்த மஞ்சளைத் தொடர்ந்து போகவேண்டும். அதே கதைகளுக்கு அச்சுப் புத்தகங்களும் இருந்தன.

"நீங்களே உங்க குரல்ல பதிவு பண்ணலாம்மா. பிள்ளைக்கு ஆசையா இருக்கும்," என்றார் கஸ்தூரி.

ஆண்டு முடிவதற்குள் கவிஷா ஒரு பக்கமாவது படித்துக் காட்டவேண்டும். இல்லையென்றால் கற்றல் குறைபாடு பார்க்க மருத்துவமனைச் சோதனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சிறப்பு வகுப்பு. அது இந்தப் பள்ளியில் கிடையாது. தொலைவில் ஒரு மலாய்ப் பள்ளியில் இருந்தது.

இரண்டு சோதனைச்சாவடிகளுக்கும் நடுவே, பாலத்தின் மேல், நெரிசலில் பேருந்து நிற்கும். பிரேமலா கைப்பேசியை வாயருகே வைத்து ஒரு கதையின் நண்டுக்குக் குரல் கொடுத்தாள். நண்டு வீடு தேடிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கை சந்திரமதி ஒரு கண்ணைத் திறந்தாள். "அலமாக், அதுக்கு இன்னும் வீடு கிடைக்கலையா? நானே ரெண்டு வருஷமா தேடுறேன். கிடைச்சா எனக்கும் சொல்லச் சொல்லு."

"சும்மா இருங்கக்கா, எல்லாம் பதிவாவுது."

சந்திரமதி சிரித்துக்கொண்டே அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாலாவது பக்கத்தில் பிரேமலாவின் கை மரத்தது. "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க லா," என்று சொல்லிவிட்டு அடுத்த வரியைப் படித்தாள். அதை அழித்து மறுபடி பதிவு செய்திருக்கலாம். அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது, இறங்கிக் கடப்பிதழைக் காட்ட வேண்டியிருந்தது.

இப்படிப் பதினொரு கதைகள். பாலத்தில் பதிவானதைக் கவிஷா வீட்டில் மூர்த்தியின் கைப்பேசியில் கேட்பாள்.

"புக்கப் பாத்துத் தானாவே படிக்குறா," என்று மூர்த்தி ஒருநாள் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பிரேமலா அடுப்பங்கரையில் நின்றபடி இரண்டு பக்கம் கேட்டாள். தடங்கலே இல்லை. அடுப்பில் சோறு பொங்கியது. "போதும்டா, டீச்சர்கிட்ட படிச்சுக் காட்டு," என்றாள்.

பள்ளியில் படித்துக் காட்டும் நாளுக்கு அவள் விடுப்பு எடுத்தாள். வகுப்பறையில் சின்ன நாற்காலி. முழங்கால்கள் மேசையில் இடித்தன. கவிஷா நண்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அம்மா மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டாள். அம்மா இழுத்த சொல்லை இழுத்தாள். கஸ்தூரி சிரித்த முகத்தோடு தலையசைத்தார்.

நாலாவது பக்கம் வந்தது.

"நண்டு பாறைக்கு அடியில் பார்த்தது. அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க லா. அங்கே இடம் இல்லை."

பிள்ளை நிற்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

கஸ்தூரி முந்திய பக்கத்துக்குத் திரும்பி, 'பாறைக்கு' என்ற சொல்லின் கீழே விரலை வைத்தார். "இது மட்டும் என்னம்மா?"

கவிஷா விரலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிரேமலா உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு கஸ்தூரி தன் நாற்காலியைப் பிரேமலா பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "தப்பு என்னோடதுதான். நாந்தான சொன்னேன்," என்றார். "அவ எழுத்தப் பாக்கலம்மா. உங்களக் கேட்டுக்கிட்டு இருக்கா. உங்க பதிவெல்லாம் அழிச்சிருங்க. செயலியில இருக்குற குரலே போதும். அது யாரோ ஒருத்தர் குரல்தான, அப்பதான் கண்ணு எழுத்துக்குப் போவும். இன்னும் மூணு மாசம் இருக்கு. கடிதத்த நான் இப்ப எழுதல."

"ஒண்ணே ஒண்ண வச்சுக்கலாமா டீச்சர்?"

கஸ்தூரி புத்தகத்தை மூடினார்.

அன்று சாயங்காலம் கவிஷா கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, பிரேமலா அறைக்குள் கைப்பேசியோடு உட்கார்ந்தாள். அழிக்கவா என்று ஒவ்வொரு கதைக்கும் அது கேட்டது. பத்து முறை ஆம் என்றாள். நண்டை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, பிறகு அதையும் அழித்தாள்.

மறுநாள் பேருந்தில் அவள் கை சும்மா இருந்தது. "என்னடி, இன்னிக்குக் கதை இல்லையா?" என்றாள் சந்திரமதி. பிரேமலா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது ஞாயிறு கவிஷா நண்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாக, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரலில், நாலாவது பக்கத்தின் முதல் வரியைப் படித்து முடித்தாள். 'பாறைக்கு' சரியாக வந்தது. நெற்றி வியர்த்திருந்தது.

"நல்லா படிச்சடா," என்றாள் பிரேமலா.

கவிஷா அடுத்த வரிக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தேடினாள். படத்திலும் தேடினாள்.

"இதுல அந்த அக்கா இல்லையேம்மா," என்றாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.