இரண்டு தடவைக்கு மேல் இல்லை

பொதுக் கலந்துரையாடல் நடத்துகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனால் யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால் பழி மட்டும் தவறாமல் வந்து சேரும். கோயில் சபையோ பழைய மாணவர் சங்கமோ ஒரு வருடமாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எனக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நியூசிலாந்தின் ஓக்லாந்தில், பாபடோயிட்டோய் சமூக மண்டபத்தின் பக்கத்து அறையில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வட்டம் கூடும். பேசுவது அமெரிக்க ஜனாதிபதிகளின் வரலாறும் அந்த நாட்டு அரசியலமைப்பும். ஏன் அமெரிக்கா என்று எல்லோரும் கேட்பார்கள். இலங்கையை எடுத்தால் பாதிப் பேர் அழுவார்கள், இந்தியாவை எடுத்தால் மீதிப் பேர் அடிபடுவார்கள், ஃபீஜியை எடுத்தால் ஃபீஜிக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். அமெரிக்கா எல்லோருக்கும் ஒரே தூரம்.

நான் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் நீதிமன்றம் ஏறிய சட்டத்தரணி. இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றிவிடும் பகுதியில் வேலை. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் இங்கே தொழில் செய்ய ஒரு பரீட்சை எழுதவேண்டும். அதற்கான விண்ணப்பப் படிவம் பல வருடமாக என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நேரமில்லை என்பேன். உண்மையில் பயம். அதனால் வட்டத்தின் தலைவர் கதிரைதான் எனக்கு நீதிமன்றம். அந்தக் கதிரைக்குப் பின்னால், என் தலைக்கு நேர் மேலே, ஒரு சுவர் மணிக்கூடு. அறையில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

பெயர் வேண்டாம், எண் போதும்

இரண்டாவது கூட்டத்திலேயே ஒருவர் ஒரு ஜனாதிபதியின் பெயரைச் சொல்லிப் புகழ, இன்னொருவர் அதே பெயரைச் சொல்லித் திட்ட, கிளென் ஈடனில் ஒரே தெருவில் குடியிருக்கிற இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒருவர் தான் கொண்டுவந்த வடைத் தட்டை மூடி எடுத்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கே சட்டம் போட்டேன்: எங்கள் அறையில் எந்த ஜனாதிபதிக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அதிலும் இறந்துபோனவர்களை மட்டுமே பேசலாம். பதினாறாவது, முப்பத்திரண்டாவது என்று சொல்லும்போது யாருக்கும் கோபம் வருவதில்லை. எண்ணோடு யார் சண்டை பிடிப்பார்கள்?

நன்றாகத்தான் போனது, கார்த்திக் வந்து சேரும்வரை. கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை, எதையும் பட்டியல் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. நான் இருபத்திரண்டாவதைப் பற்றி ஒரு மாதமும் இருபத்திநான்காவதைப் பற்றி ஒரு மாதமும் பேசினேன். இரண்டும் ஒரே ஆள், நடுவில் ஒரு தேர்தலில் தோற்று நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். கார்த்திக் மிகவும் தயங்கி, பெண்கள் பக்கம் பார்க்காமல், எழுந்து நின்று கேட்டார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, இருபத்திரண்டுக்கும் இருபத்திநாலுக்கும் ஒரே அம்மாதான் மனைவின்னு வருது, அந்த ஊர்ல பதவியோட சேர்த்துக் குடும்பத்தையும் ஒப்படைச்சிருவாங்களா?"

நம்முடையது எந்த அலுமாரியில்?

அமெரிக்க அரசியலமைப்பு ஒரு சின்னப் புத்தகம், சட்டைப்பைக்குள் வைக்கலாம் என்று ஒரு நாள் உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். கார்த்திக் உடனே, அப்படியென்றால் நியூசிலாந்தின் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார், ஒன்று வாங்கிப் படித்துவிட்டுப் போகலாம் என்று எண்ணம். அப்படி ஒரு தனிப் புத்தகம் இல்லை என்றேன். அறை முழுக்க என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது. இருந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு மோர்ட்கேஜ் கடன் எடுத்தவர்கள், பத்திரம் இல்லாத காணியில் வீடு கட்டிவிட்டோமோ என்று முகத்தில் ஒரு கலக்கம்.

கொஞ்சம் சட்டங்களில் இருக்கிறது, கொஞ்சம் பூர்வீக மவோரி மக்களோடு செய்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, மீதி எழுதாத வழக்கம், தோற்ற பிரதமர் போகவேண்டும் என்பதால் போவார், அவ்வளவுதான் என்று விளக்கினேன். எழுதாததை ஏன் மீறுவதில்லை என்று கார்த்திக் கேட்டார். மீறினால் ஊர் சிரிக்கும் என்றேன். குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதிவிட்டுச் சொன்னார்: "அப்போ இந்த ஊர் அரசியல் சட்டம் பாதி புத்தகம், பாதி வெட்கம்னு எழுதிக்கறேன் சார்."

வீட்டுக்குப் போனவர்

சாவித்திரியம்மா ஃபீஜியிலிருந்து வந்தவர். மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி டெய்ரி வைத்திருக்கிறார்; பாலும் பாணும் விற்கிற மூலைக்கடை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பரம்பரை. அங்கே தமிழர்கள் நடத்திய சங்கப் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சத் தமிழைப் பத்திரமாக வைத்திருந்து கடைசிச் சனிக்கிழமைகளில் மட்டும் எடுப்பார். இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தவர். முதலாவது ஜனாதிபதி இரண்டு தடவை முடிந்ததும் போதுமென்று தானாகப் பதவியை விட்டுப் போன கதையை நான் உருகிச் சொன்ன அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையை உயர்த்தினார்.

"யாரும் துரத்தலையா?" இல்லை என்றேன். "பட்டாளம் வரலையா?" இல்லை. "உடம்புக்கு ஏதும்?" ஒன்றுமில்லை, தன் தோட்டத்துக்குப் போனார் என்றேன். இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குப் பிடிக்கும், பதில் சொல்லும்போது நானே பதவியை விட்டுப் போவது மாதிரி ஒரு பெருமை வரும். அவர் விடவில்லை. தோட்டத்தில் யார் வேலை செய்தார்கள் என்று கேட்டார். அடிமைகள் என்று சொல்லவேண்டியதாயிற்று. சாகும்போது எழுதிய உயிலில்தான், அதுவும் தன் பெயரில் இருந்தவர்களுக்கு மட்டும், விடுதலை எழுதினார் என்பதையும் சொன்னேன். ஆறு வருடமாக அந்த ஆளைப் பற்றிப் பேசுகிறேன், ஒரு தடவைகூட இதை நானாகச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. சாவித்திரியம்மா குரலை உயர்த்தவே இல்லை: "சேரை விட்டார், நல்ல மனுஷன், தோட்டத்து ஆளை விடறதுக்குத்தான் சாகணுமா?"

ஐந்தாம் விதி

அடுத்த மாதம் பேசியது, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்ற திருத்தம். முதலாவது தொடங்கி வைத்தது வெறும் வழக்கம், முப்பத்திரண்டாவது நான்கு தடவை வென்றார், அதற்குப் பிறகுதான் எழுதிப் பூட்டினார்கள் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். எந்த மனிதனும் தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைக்கத் தொடங்கினால் ஆபத்து என்று முடித்தேன். கைதட்டல் கிடைத்தது. தேநீர்க் கோப்பைகள் வைக்கிற அலுமாரிப் பக்கமிருந்து சாவித்திரியம்மா ஒரு தாளோடு வந்தார். அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்ததாம், கோப்பை அடுக்கும்போது கண்ணில் பட்டதாம். எங்கள் வட்டத்தின் விதிகள். மண்டபத்தில் பதிவு செய்யும்போது கேட்டார்கள் என்று, சட்டம் படித்த திமிரில் நானே உட்கார்ந்து எழுதியது. ஐந்தாம் விதியைச் சத்தமாக வாசித்தார்: தலைவர் பதவி இரண்டு வருடம், ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் இல்லை. கீழே என் கையெழுத்து.

எனக்கு அது ஏழாவது வருடம். நீதிமன்றத்தில் நின்றவனுக்கு வாய்க்கா பஞ்சம்? தகுதியான ஆள் முன்வரவில்லை என்றேன். வட்டம் இக்கட்டான கட்டத்தில் இருக்கிறது, வர வர ஆட்கள் குறைகிறார்கள், இந்த நேரத்தில் மாற்றம் கூடாது என்றேன். எல்லோருடைய நன்மைக்காகவும் அந்த விதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றேன். சொல்லச் சொல்லவே எனக்கு வியர்த்தது. இந்த வசனங்களை எல்லாம் எங்கள் நாட்டு வானொலியில், ஜனாதிபதிமாரின் வாயிலிருந்து, ஒன்றுவிடாமல் கேட்டு வளர்ந்தவன் நான். சாவித்திரியம்மா தாளை நான்காக மடித்து என் கையில் தந்தார்: "எங்க ஊர்ல பட்டாளம் வந்தப்பவும் தற்காலிகம்னுதான் சொன்னாங்க, தலைவரே."

லாச்சிக்குள் இருந்தது

கிளென் ஈடனில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க, மோட்டர்வேயில் போன கார்களோடெல்லாம் சண்டை பிடித்தேன். உருவாக்கினவனையே கதவுப் பக்கம் காட்டுகிறார்கள், நான் போனால் மூன்று மாதத்தில் வட்டம் கலைந்துவிடும், பிறகு தெரியும் என் அருமை என்று வீட்டில் வந்தும் பொரிந்தேன். என் மனைவி வதனி, மண்டபத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. நாள் முழுக்கப் புலம்பல் கேட்டுப் பழகினவள், கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் லாச்சியைத் திறந்து, அந்தப் படிவத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மூலைகள் மஞ்சளாகிவிட்டிருந்தன.

அதைத் தொடவே கை வரவில்லை. ஐம்பத்தொரு வயதில் பரீட்சை எழுதி, பெயில் என்று ஒரு கடிதம் வந்தால், கதிரையும் இல்லை, சட்டமும் இல்லை, நான் யார்? அதைத்தான் அவளிடம் கேட்டேன். முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். படிவத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கதிரை இருந்தபடியாத்தான் நீங்கள் இதைத் தொடேல்லை, இனிச் சனிக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்கப்பா, படியுங்கோ."

ஐஸ்கிரீம் டப்பா

அடுத்த கூட்டத்திலேயே பதவியை விட்டுத் தேர்தல் வைத்தேன்; வாக்குப்பெட்டி இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பா, மூடியில் கார்த்திக் கத்தியால் கீறிய ஓட்டை. சாவித்திரியம்மாவும் கார்த்திக்கும் போட்டியிட்டார்கள். தேர்தல் என்றதும் வராமல் நின்றவர்களெல்லாம் வந்துவிட்டார்கள், அந்த இரண்டு கிளென் ஈடன் குடும்பங்கள் உட்பட, வடையோடு. என் காலத்தில் இத்தனை தலைகளை அறையில் கண்டு வெகுநாள். முதலில் மனம் நொந்தது, பிறகு சந்தோஷமாக இருந்தது. சாவித்திரியம்மா வென்றார். என் வாக்கும் அவருக்குத்தான். கார்த்திக்தான் முதலில் கைதட்டினார்.

எனக்கு விடைபெறும் உரைக்கு மூன்று நிமிடம் என்றார் புதிய தலைவர். நான் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். குளிரில் நின்று நீண்ட பதவியேற்பு உரை ஆற்றி ஒரு மாதத்தில் இறந்துபோன ஒன்பதாவது ஜனாதிபதியைப் பற்றி இதே அறையில் சிரிக்கச் சிரிக்கப் பேசியவன் நான். நான்காம் பக்கத்தில் இருக்கும்போது, ஐந்து மணி யூகலேலே வகுப்புக்காரர்கள் வாத்தியங்களோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு சமோவா அம்மா தன் பக்கத்தில் இருந்தவரிடம், இவர் இன்றைக்கும் முடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது தெளிவாகக் கேட்டது. சாவித்திரியம்மா மேசையை ஒரே ஒரு தடவை தட்டினார். இருந்துவிட்டேன். இருக்கும்போதுதான் கவனித்தேன், அது பின் வரிசைக் கதிரை.

அவர் அடுத்த மாதங்களின் பட்டியலை வாசித்தார். ஆறாவது, ஜனாதிபதி பதவி முடிந்த பிறகு சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபையில் வந்து இருந்தவர், அதைக் கார்த்திக் பேசவேண்டும். இருபத்தேழாவது, பதவியை விட்ட பிறகு நீதிமன்றம் போய்த் தலைமை நீதியரசர் ஆனவர். அதை யார் பேசுவது என்று கேட்காமலே என்னைப் பார்த்தார். வதனி வேலை முடிந்து வரும்போது அவருடைய கடையில்தான் பால் வாங்குகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து, சந்தோஷம், வருகிற மாதமே தயார் என்றேன். சாவித்திரியம்மா தலையை ஆட்டினார்: "அவசரம் இல்லை, பரீட்சை எழுதிட்டு வந்து பேசுங்க."

படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டேன், இப்போது பின் வரிசையில் மடியில் சட்டப் புத்தகத்தோடு இருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, அந்த மணிக்கூடு ஆறரை வருடமும் சரியான நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.