பதினான்கு வரிப் பட்டியலில் ஒரு பஞ்சு

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. பதினொரு நாளாக மழையில்லை. புக்கிட் செலம்பாவிலிருந்து பீடோங் சந்தைக்குப் போகும்போது, லாரி சிந்திய மணலில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி உள்ளே அமுங்கிவிட்டது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனை. எலும்பு டாக்டர் தமிழ்ப் பெண்.

"அமுங்கினதைத் தூக்கி நிறுத்தினா அடியில பள்ளம் இருக்கும், அங்கிள். எலும்புத் தூள் போட்டு அடைக்கணும். அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பு வளரும்."

"எதோட எலும்பு?"

"மாடு. நல்லா சுத்தம் பண்ணினது."

எழுபத்து மூன்று வயதுவரை நான் மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு ஒரே பசு. காலையில் நான்கு போத்தல், மாலையில் இரண்டு. அந்தப் பால் காசில் படித்துத்தான் நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியானேன். முடியாது என்றேன்.

செயற்கைத் தூள் இருக்கிறது, விலை அதிகம், பினாங்கிலிருந்து வர ஒன்பது நாள் ஆகும் என்றார். வீக்கம் வடிய ஆறு நாள் போதும். அதற்கு மேல் தள்ளத் தள்ள எலும்பை நேராக்குவது கடினம். காத்திருக்கிறேன் என்று கையெழுத்திட்டேன்.

பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் பார்க்க வந்தார்.

"முப்பது வருஷமா என் கடையில மாட்டுக்கறிக் கரண்டி பருப்புச் சட்டிக்குள்ள போகுதான்னு பார்த்துக்கிட்டே சாப்பிடுறீங்க, கிராணியாரே. ஆப்பரேஷன் ரூம்ல யார் பார்ப்பா?"

"உள்ள வச்சதுக்கெல்லாம் லிஸ்ட் கேட்டு வாங்குவேன்."

"வாங்குங்க லா. கால் கோணலா போனாலும் லிஸ்ட் நேரா இருக்கும்."

ஒன்பதாம் நாள் அறுவை நடந்தது. மூன்று நாள் கழித்துப் பட்டியல் வந்தது. பதினான்கு வரி. தகடு ஒன்று, திருகு ஏழு, செயற்கைத் தூள் ஒரு பொட்டலம். ஒன்பதாவது வரியில் ஒரு பஞ்சு. டாக்டரிடம் கேட்டேன்.

"எலும்புல ரத்தக் கசிவு நிக்கல, அங்கிள். அதை வச்சு அழுத்தித்தான் நிறுத்தினோம். சில வாரத்துல தானா கரைஞ்சிடும்."

"எதுல செஞ்சது?"

அவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். "மாட்டுத் தோல்ல எடுக்கிற கொலாஜன்ங்கிற புரதம். நீங்க தூளைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க."

உண்மை. அடைப்பதைக் கேட்டேன், ரத்தத்தை நிறுத்துவதைக் கேட்கத் தோன்றவில்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வாரம் ஊன்றுகோலை விட்டேன். கால் நேராகத்தான் இருக்கிறது. மாட்டை விலக்க நான் கூடுதலாகக் கட்டியது 1,850 ரிங்கிட். பஞ்சு 140. எல்லாம் சேர்த்து 23,416 ரிங்கிட் 70 சென்.