தட்டில் இருந்த தண்ணீர்

பரிசு போனது போகட்டும் என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். இன்னும் வயிறு எரிகிறது.

வேம்பார் உப்பளத்தில் மோட்டார் போடுகிறவர் என் அப்பா. வெறுங்காலோடு உப்புத் தண்ணீரில் நின்று ஸ்விட்சைப் போடுவார். வால்வைத் திறப்பதற்கு முன்னால் மோட்டாரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மின்சாரம் கசிந்தால் கை உதறி விலகிவிடும். உள்ளங்கை என்றால் விரல்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும். அங்கே பாதுகாப்பு ஏற்பாடு இவ்வளவுதான். கசிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி கடையில் உண்டு. உப்புக் காற்றில் அது சும்மா சும்மா நின்றுபோகிறது என்று கழற்றி எறிந்துவிட்டார்கள்.

பொறியியல் கல்லூரிக் கடைசி ஆண்டில் நானும் தோழியும் அதற்காகவே ஒரு பெட்டி செய்தோம். எப்போதும் இருக்கிற சின்னக் கசிவை அது கண்டுகொள்ளாது. திடீரென்று ஏறினால் மோட்டாரை நிறுத்திவிடும். உப்பள முதலாளி அண்ணாச்சியிடம் மாட்டச் சொல்லிக் கேட்டேன். காலேஜ் போட்டியில் ஜெயித்துவிட்டு வா, பார்க்கலாம் என்றார்.

போட்டியன்று உப்புப் பாத்தித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துத் தூத்துக்குடியில் இருக்கிற காலேஜுக்குக் கொண்டுபோனேன். கசிவைச் செய்து காட்ட ஒரு தட்டில் அதை நிரப்பி, பெட்டியோடு மேசையில் வைத்துவிட்டுப் பெயர் பதியப் போனோம். அந்த நேரத்தில் எங்கள் துறைத் தலைவர் வந்திருக்கிறார். வெள்ளை மேசை விரிப்பில் உப்புக் கறை படியுமாம். ஆய்வக உதவியாளரை விட்டுத் தட்டைக் கொட்டச் சொல்லி, குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்ற வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடுவர் முன்னால் கசிவு ஒயரைத் தட்டில் இறக்கினேன். மோட்டார் அதுபாட்டுக்கு ஓடியது. சுத்திகரித்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. பெட்டி பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. தண்ணீர் மாறியது தெரியாமல் நான் பெட்டியின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். நடுவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

உதவியாளர் விஷயத்தைச் சொன்னதும் துறைத் தலைவரிடம் ஓடினேன். நடுவரை ஒருமுறை திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

"எல்லாம் தண்ணிதானம்மா" என்றார்.

மின்பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் சொல்கிற பேச்சா இது? முதலாண்டு மாணவர்களுக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. விரிப்புதான் பெரிதாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏளா, தட்டுத் தண்ணிய நாக்குல வச்சிப் பாக்கலியா?"

எங்கள் உப்பளத்தில் எந்தத் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. அன்று என் விரலும் தட்டுப் பக்கம் போகத்தான் செய்தது. கோட்டு போட்டவர்கள் முன்னால் பட்டிக்காட்டுத்தனமாக இருக்குமே என்று கையை இழுத்துக்கொண்டவள் நான். துறைத் தலைவரைத் திட்டுகிற ஒவ்வொரு முறையும் பாதித் திட்டு எனக்கே வந்து சேர்கிறது.

அண்ணாச்சி பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வரப்பில் நின்றேன். அப்பா ஸ்விட்சைப் போட்டார். புறங்கையை நீட்டினார். கை வெடுக்கென்று உதறியது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒயரைத் துடைக்கக் குனிந்தார்.