பின்சீட்டுக்கு அடியில் பனி

பேட்டரியில் ஓடும் கார்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அவளுக்குத் தெர்மாமீட்டர் அக்கா என்று பெயர். பேட்டரியின் சூட்டை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று வண்டி வந்தால், ராத்திரி முழுக்க அதைத் தூங்கவிடுவாள். காலையில் யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் கடித்துக் குதறிவிடுவாள். ஆறிய பேட்டரியில் எல்லாச் சென்சாரும் ஒரே சூட்டைத்தான் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மாற்றிக் காட்டினால் பழுது அங்கேதான்.

அன்று ஐந்து சென்சார்கள் இருபத்தாறு டிகிரி என்றன. ஆறாவது, மைனஸ் நாற்பது என்றது. அது இருந்த பின்சீட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் பனி பொழிவதுபோல் இருந்தது அவளுக்கு. கால் புதையப் புதைய அதில் நடந்தாள்.

"அக்கா, சென்சாரை மாத்திடலாமா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அவசரக்குடுக்கை! முதல்ல வயரைப் பாருங்க."

வயர்தான் அறுந்திருந்தது.

சாயங்காலம் அந்தப் பனி வீடுவரை கூடவே வந்தது. மகளின் நெற்றியைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. பதறிப்போய் மாமியாரைத் தொட்டாள். அவர் நெற்றியும் சில்லென்று இருந்தது. கணவனுக்கும் அப்படியே.

"என்னங்க, மூணு பேருக்கும் உடம்பு இப்படி ஜில்லுனு இருக்கு?"

அவன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். அனலாய்க் கொதித்தது.

"நாங்க மூணு பேரும் ஒரே மாதிரி காட்டுறோம். அப்போ பழுது எங்கேன்னு நீயே சொல்லு."

அவள் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

"ராத்திரி முழுக்கத் தூங்கு," என்று விளக்கை அணைத்தான். "காலைல யாரும் தொடமாட்டோம்."