பொங்கலுக்குப் புல் செருக்காத வருடம்

சமையலறை ஜன்னலால் பார்த்ததும் சிவகௌரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பின்வளவு முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. நரி மறுபடியும் குப்பைப்பையைக் கிழித்துவிட்டது என்று நினைத்தாள். லண்டன் ஹரோவில் நரிகள் மனிதரைக் கண்டு ஒதுங்குவதில்லை. மனிதர்தான் அவற்றுக்கு வழிவிட வேண்டும்.

"இஞ்சருங்கோ! நேற்றுப் பையை இறுக்கிக் கட்டினனீங்களோ?"

"கட்டினனான்."

"கட்டின வடிவு தெரியுது. வந்து பாருங்கோ, வளவெல்லாம் ரிஷூப் பேப்பர்."

குலசேகரம் தேநீரை வைத்துவிட்டு, கையுறை மாட்டி, ஒரு பையோடு வெளியே போனார். கால் நூற்றாண்டு பெற்றோல் நிலையத்தில் நின்றே வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசினால் வேலை இரட்டிக்கும் என்பது அவருடைய அனுபவம். சிவகௌரியால் போக முடியாது. ஜனவரி முதல் வாரத்தில்தான் அவளுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு கைத்தடியோடு நடக்கலாம், ஈரப்படியில் இறங்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் கட்டளை.

குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டதோ என்று பயந்து அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திரும்பி வந்து கதவடியில் நின்றார். பை வெறுமையாக இருந்தது.

"கௌரி," என்றார், யாரையோ எழுப்பிவிடப் பயந்தவர்போல. "அது பேப்பர் இல்லையப்பா. பூ."

"பெப்ரவரியிலையோ? உங்களுக்கென்ன விசரோ?"

"வந்து பாருமன்."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். விரல் நீளத் தண்டுகளில் தலைகுனிந்த வெள்ளைப் பூக்கள். ஒன்றிரண்டல்ல. படியடியில் தொடங்கி, கத்தரிப் பாத்தி, மிளகாய்ப் பாத்தி என்று அவள் பெயர் வைத்திருந்த இடமெல்லாம் தாண்டி, வேலிப் பலகை வரைக்கும். அவற்றினிடையே ஊதா நிறத்தில், நன்றாகச் சீவிய பென்சில் முனைகள்போல வேறேதோ நின்றன. முந்திய இரவின் உறைபனி இன்னும் புல்லில் வெள்ளையாகக் கிடந்தது. அதற்குள்ளே இவை எந்தக் குளிரும் தெரியாதவைபோல நின்றன.

பூவில் அவளுக்கு அக்கறை இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில், ஒரு நேரத்துக்கு நானூறு பேருக்கு என்று மரக்கறி வெட்டியவள். வீட்டு மண்ணிலும் கத்தரி, மிளகாய், பயற்றங்காய், பூசணி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகளை ஏற்ற வரும் பெற்றோர் கைகளில் பூசணித் துண்டுகளைத் திணித்து அனுப்புவாள். பூக்கன்று வைக்கச் சொன்னவர்களிடம், "சாப்பிட ஏலாததுக்கு ஏன் தண்ணி?" என்று கேட்டவள்.

படம் எடுத்து மகள் தனுஷியாவுக்கு அனுப்பினார்கள். மதிய இடைவேளையில் அவள் அழைத்தாள்.

"வெள்ளை ஸ்னோட்ராப், அம்மா. ஊதா குரோக்கஸ். வெயில் பட்டால்தான் விரியுமாம். எல்லாம் கிழங்கு. கன வருசமா மண்ணுக்குள்ள இருந்திருக்கும். நீங்களோ நட்டனீங்கள்?"

"நான் ஏன் நடுறன்?"

"அப்ப முந்தி இருந்த ஆக்கள். வருசா வருசம் வந்திருக்குமே? காணேல்லையோ?"

சிவகௌரி மெல்லக் கதிரையில் இருந்தாள். கண்டிருக்கிறாள். தைப்பொங்கலுக்கு முதல் நாள், இந்த வீட்டுக்கு வந்த பதினொரு வருடமும், மண்வெட்டியோடு இறங்கி வளவைச் செருக்கி, பச்சையாக நீட்டியதையெல்லாம் வழித்து எறிந்து, மண்ணைக் கூட்டித் துப்புரவாக்கி, நடுவில் அடுப்பு வைத்துப் பொங்கியிருக்கிறாள். பச்சை முனைகளைப் புல் என்றே நினைத்தாள். பங்குனியில் அந்தப் 'புல்' மறுபடி தலைகாட்டும். பிறகு கொத்திக்கொள்ளலாம் என்று விடுவாள். இந்த வருடம் கால் மடங்காததால் பொங்கல் பானை சமையலறை காஸ் அடுப்பில் ஏறியது. வளவுப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

"பதினொரு பொங்கலுக்கும் நான்தான் உதுகளின்ரை தலையைச் சீவியிருக்கிறன்," என்றாள். "ஒரு வருசம் நான் வரேல்லை. எல்லாம் வந்திட்டுதுகள்."

பிறகுதான் வரும் சனிக்கிழமை அவளுக்கு நினைவு வந்தது. அன்று சந்திரகுமார் வருகிறார். படியிலிருந்து வேலி வரை, சுவருக்குச் சுவர், வளவு முழுக்கக் கல் பதிக்க. குலசேகரத்தின் ஏற்பாடு. அவளும் தலையாட்டித்தான் இருந்தாள்.

"அவருக்குப் போன் அடிச்சு வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

குலசேகரம் தொலைக்காட்சியை நிறுத்தினார். "ஒக்டோபரிலை நாப்பது நிமிசம் கௌரி. உந்த வளவுச் சேத்திலை வழுக்கி, பூசணிக்காயையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நீர் மழைக்குள்ளை கிடந்தனீர். நான் உள்ளை கிரிக்கெட் பாத்துக்கொண்டு இருந்தனான். பூ எங்கையும் பூக்கும்."

நான்கு மாதத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு, சந்திரகுமார் கேட்டபடி எல்லை குறிக்க, நான்கு மர முளையும் நூலும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு குலசேகரம் இறங்கினார். அவள் வாசலில் கதிரை போட்டு இருந்தாள். ஒன்றும் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டிருந்தாள்.

முதலாவது முளையைப் படியடியில் வைத்தார். அங்கே ஒரு வெள்ளைக் கொத்து. அரையடி தள்ளினார். அங்கே ஊதா. வலது காலைத் தூக்கியவர் வைக்க இடம் தேடிக் கொக்குப்போல நின்றார்.

"நான் மண்வெட்டியோடை நடந்த இடம்," என்றாள் அவள், சட்டத்தை மறந்து. "நீங்கள் நாலு முளையோடை நடக்கப் பயப்பிடுறியள்."

"சும்மா இரும். விழுந்திடுவன்."

அப்போது பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் இறங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கவே ஊதா முனையொன்று தளர்ந்தது. சில நிமிடத்தில் அது ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே செம்மஞ்சள் நாக்கு. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு அவரைச் சுற்றி, வெயில் நகர நகர, அதன் பின்னாலேயே ஒவ்வொன்றாக. எங்கிருந்தோ ஒரு பருத்த வண்டு, இந்தக் குளிரிலும், அவருடைய சப்பாத்தைத் தாண்டி வந்து ஒரு கிண்ணத்துக்குள் தலைகீழாக இறங்கியது. பூ அதன் பாரத்தில் ஆடியது. குலசேகரம் மூச்சு விடவும் யோசித்தார்.

கால்மணி நேரம் கழித்து, வைத்த அடியிலேயே அடி வைத்துப் பின்புறமாகத் திரும்பி வந்தார். நான்கு முளையும் கையிலேயே இருந்தன.

"அடிக்கேல்லையோ?"

"எங்கை அடிக்கிறது?"

அவள் அதற்குமேல் வெல்லப் பார்க்கவில்லை. முதல் நாள் முழுக்க யோசித்து, ஒரு பழைய கடித உறையின் முதுகில் படமாகக் கீறி வைத்திருந்ததை நீட்டினாள். படியிலிருந்து வேலிக்கு ஒற்றைக் கல்வரிசை. அதன் ஓரத்தில் இடுப்புயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி. பங்குனியில் ஜன்னலடியில் விதை போடலாம். கத்தரியும் மிளகாயும் ஜூனில் பெட்டிக்குப் போகும்.

"நான் இனி மண்ணிலை இறங்கமாட்டன். கல்லிலை நிண்டபடியே பாக்கிறன். மே முடிய உந்த இலையெல்லாம் பழுத்து விழுந்திடுமாம், தனு சொன்னவள். என்ரை கத்தரிக்கும் ஜூனுக்கு முன்னம் குளிர் ஆகாது. யோசிச்சுப் பாருங்கோ. இவ்வளவு காலமும் ஒரே மண்ணிலை ரெண்டு குடும்பம் இருந்திருக்கு, ஒண்டின்ரை முகத்தை ஒண்டு காணாமல்."

"பூசணி?"

பூசணி பெட்டிக்குள் அடங்காது. அது அவருக்கும் தெரியும்.

"பூசணி இல்லை," என்றாள்.

அவர் உறையை வாங்கி, கல்வரிசைமேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "பாதைக்கு ஒரு கைப்பிடி வேணும்," என்றார் கடைசியில்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கல் ஏற்றிய வான் வண்டி வந்தது. சந்திரகுமார் நாற்பது வயதுக்காரர். ஹரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழர் வீட்டு வளவுகளில் பாதி அவர் கல் பதித்தது.

"என்னண்ணை, நூலைக் காணேல்லை?" என்று கேட்டுக்கொண்டே பக்கவழியால் வந்தவர், மூலையில் நின்றுவிட்டார். "இதென்ன அக்கா இது? எப்ப நட்டனீங்கள்?"

"நடேல்லை. தானாய் வந்தது. எல்லாரின்ரை வளவிலையும் கிடக்குமாம்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "குளிர்காலத்திலைதான் எனக்கு உந்த வேலை கூட வாறது. வெறும் மண் எண்டு நினைச்சுத்தான் நான் எல்லாத்தையும் கல்லாலை மூடி..." என்று தொடங்கியவர் தொப்பியை மறுபடி போட்டார்.

உறையில் கீறிய படத்தைப் பார்த்தபின், கல்லில் முக்கால்வாசியை வான் வண்டியை விட்டு இறக்கவே இல்லை. முழங்காலூன்றி இருந்து, மண்ணை விரலால் விலக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பதித்தார். மதியம் ஏழாவது கல்லை வைத்துத் தட்டியவர், என்னவோ கண்டு அதை மறுபடி தூக்கினார். விளிம்பினடியில் வெளிறிய ஒரு முனை, அழுத்தியும் முறியாமல் நின்றது. கல்லை ஒரு சாண் தள்ளினார்.

"அக்கா, பாதை கோணலாப் போகுது. பிறகு சந்திரகுமாருக்குக் கல் வைக்கத் தெரியாது எண்டுவினம்."

"போகட்டும். உம்மடை பேரைச் சொல்லமாட்டன்."

"இது ஊதாவும் இல்லை, வெள்ளையும் இல்லைப் போல கிடக்கு. என்ன நிறத்திலை வரும்?"

சிவகௌரி ஒரு கையால் குலசேகரத்தின் தோளையும் மறுகையால் தடியையும் பிடித்தபடி, பதித்த கற்களின் மேலே ஆறு அடி நடந்து வந்திருந்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "விரியட்டும், பாப்பம்."